அறுபது கோடி பவுண்டை யார் பற்றில் எழுதுவது?

2022 முதல் 2024 வரை இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் கால்பந்துக் கழகத்தின் மேலாளராக இருந்த எரிக் டென் ஹாக்கின் பெயர் எங்கள் வீட்டில் எழும்போதெல்லாம், அவர் காலத்தில் வீரர்களை வாங்கச் செலவான ‘அறுபது கோடி பவுண்டு’ என்ற தொகையும் கூடவே வந்துவிடும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கு ஐஸ் கொடுக்கும் என் மைத்துனன், “அறுபது கோடியக் கடல்ல கொட்டிட்டுப் போனவரு மாமா அவரு” என்று ஒரே வரியில் கணக்கை முடித்துவிடுவான். திருப்பாப்புலியூரில் இருபத்திரண்டு ஆண்டுகளாகக் கடைகளுக்கும் படகுகளுக்கும் கணக்கு எழுதி வருபவன் நான். 1999 மே மாதத்தில், நள்ளிரவு கடந்த நேரத்தில், பார்சிலோனாவில் நடந்த ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தின் கடைசி நிமிடங்களில் விழுந்த இரண்டு கோல்களைப் பார்த்த நாளிலிருந்து மான்செஸ்டர் யுனைடெட்டை விட்டு விலகாதவனும்கூட. இந்த இரண்டு தகுதியிலும் அந்த ஒற்றை வரியை என்னால் ஏற்க முடிவதில்லை. டென் ஹாக் நீக்கப்பட்டது சரி என்றே நானும் கருதுகிறேன். ஆனால் அதற்கான காரணம் அந்தத் தொகை அன்று. காரணத்தைத் தவறாகப் பதிந்து வைத்தால், அடுத்து வரும் மேலாளரையும் அதே தவறான தராசில்தான் நிறுத்துவோம்.

தொகை பொய் இல்லை. 2022 கோடையிலிருந்து 2024 கோடை வரை வாங்கப்பட்ட வீரர்களின் விலையைக் கூட்டினால் ஏறத்தாழ அவ்வளவு வரும். ஆயினும், கொள்முதலை மட்டும் கூட்டிவிட்டு, விற்பனை என்ன, கையிருப்பு என்ன, முந்தைய ஆண்டின் பாக்கி என்ன என்று பார்க்காமல் ஒரு கடையின் நிலையைச் சொல்லும் கணக்கரை யாரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரு விசைப்படகுக்குப் புதிய எஞ்சின் வாங்கினால், அதன் விலை முழுவதையும் அந்த ஆண்டின் செலவாக எழுதுவதில்லை. ஆண்டுதோறும் தேய்மானம் கழித்துக்கொண்டு வருவோம். ஐரோப்பியக் கால்பந்துக் கழகங்களின் ஏடுகளிலும் வீரரின் விலை அப்படித்தான் ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பங்கிடப்படுகிறது. 2022 ஆகஸ்ட் இறுதியில் நெதர்லாந்தின் அயாக்ஸ் கழகத்திலிருந்து 8.2 கோடி பவுண்டுக்கு வந்த ஆன்டனியின் ஒப்பந்தம் ஐந்தாண்டுகளுக்கானது. ஆகவே அவர் விலை ஆண்டுக்கு 1.64 கோடி என்று கழிந்துகொண்டே வந்திருக்கும். 2025-இல் அவரை ஸ்பெயினின் ரியல் பெட்டிஸ் கழகத்துக்கு விற்றபோது ஏட்டில் இன்னும் 3.28 கோடி மிச்சம் இருந்திருக்கும். கைக்கு வந்ததோ அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். 96 ஆட்டங்களில் 12 கோல்கள் அடித்த ஒருவருக்காக ஏற்பட்ட அந்த இழப்பு, டென் ஹாக் வேலையிழந்து பல மாதங்கள் கழித்து, வேறொரு மேலாளரின் காலத்தில் பதிவாகிறது. அவ்வாறே, டென் ஹாக் வந்து நாற்காலியில் உட்கார்ந்த அன்றே அவர் தலைமீது முந்தையவர்களின் சுமை இருந்தது. 2019-இல் 8 கோடி பவுண்டுக்கு வாங்கிய ஹாரி மெகுவயரும், 2021-இல் 7.3 கோடிக்கு வாங்கிய ஜேடன் சாஞ்சோவும் ஏட்டில் கழிந்துகொண்டிருந்தார்கள். இங்கிலாந்தின் முதல்நிலை லீக்கான பிரீமியர் லீக்கில் அன்று இருந்த விதிப்படி ஒரு கழகம் மூன்று ஆண்டுகளில் சேர்த்து 10.5 கோடி பவுண்டுக்கு மேல் நட்டம் காட்டக்கூடாது. எனவே முன்னவர் வாங்கியது பின்னவரின் கையைக் கட்டுகிறது.

அந்தக் கட்டு எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஸ்காட் மெக்டோமினேவைக் காட்டலாம். சிறுவயதிலிருந்தே கழகத்தில் வளர்ந்தவர் ஆகையால் ஏட்டில் அவருடைய கொள்முதல் விலை சுழியம். அவரை விற்றால் வரும் பணம் முழுவதும் இலாபமாக நிற்கும். 2024 ஆகஸ்ட் இறுதியில் ஏறத்தாழ 2.5 கோடி பவுண்டுக்கு நாப்போலிக்கு விற்றார்கள். அடுத்த மே மாதத்தில் நாப்போலி இத்தாலியின் வாகையர் ஆனது. அந்த லீக்கின் சிறந்த வீரர் விருதும் மெக்டோமினேவுக்கே போனது. கணக்கேட்டில் மிக நல்ல விற்பனை, களத்தில் பெரிய இழப்பு. இதை எந்த மேலாளரின் பற்றில் எழுதுவது? பணம் எவ்வளவு என்று கேட்பதோடு நின்றுவிட்டால் இந்தக் கேள்வி எழவே எழாது.

விலை எந்த நேரத்தில் பேசப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 2022 கோடை முழுவதும் யுனைடெட் ஃபிரெங்கி டி யோங் என்ற நடுக்கள வீரரின் பின்னால் அலைந்தது. அவரோ பார்சிலோனாவை விட்டு வர மனமில்லாதவர். நாட்கள் கரைந்தன. பருவம் தொடங்கிற்று. முதல் ஆட்டத்தில் பிரைட்டனிடம் சொந்த மைதானத்திலேயே 2-1 எனத் தோற்றார்கள். ஆகஸ்ட் 13 அன்று பிரென்ட்ஃபோர்டு அணி முதல் முப்பத்தைந்து நிமிடங்களுக்குள் நான்கு கோல்களை அடித்து முடித்தது. அந்த ஆட்டத்தை நான் திருப்பாப்புலியூரில் அலுவலகத்தைப் பூட்டாமலே கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தேன். இடைவேளைக்கு முன்பே அணைத்துவிட்டேன். அதன்பின் மூன்று வாரங்களுக்குள் முப்பது வயதான நடுக்கள வீரர் காசெமிரோவை 6 கோடிக்கும், ஆன்டனியை 8.2 கோடிக்கும் வாங்கினார்கள். முதுநகர் ஏலக்கூடத்தில் விடியற்காலையில் நிற்பவர்களுக்கு இது புதிதன்று. வீட்டில் கல்யாணம் இருக்கிறது, மீன் இல்லாமல் திரும்ப முடியாது என்பது முகத்தில் தெரிந்துவிட்டால், ஏலம் விடுபவர் அந்த முகத்தைப் பார்த்தே விலை கூறுவார். தங்கள் தவிப்பை உலகம் முழுவதும் தெரியும்படி வைத்துக்கொண்டு சந்தைக்குப் போனது கழகத்தின் நிர்வாகம். அந்த விலையில் ஒரு பெரும் பகுதி மேலாளருடையது அன்று.

இங்கே என் மைத்துனன் என்னை மடக்குவான், நியாயமாகவே மடக்குவான். “வெல பேசினது அவங்கதான், ஒத்துக்கறேன். ஆனா ஆளு யாருன்னு சொன்னது யாரு மாமா?” ஆன்டனி, லிசாண்ட்ரோ மார்ட்டினெஸ், ஆந்த்ரே ஒனானா, மத்தைஸ் டி லிக்ட், நுசைர் மஸ்ராவி ஆகிய ஐவரும் அயாக்ஸில் டென் ஹாக்கின் கையில் ஆடியவர்கள். உலகெங்கும் ஆள்தேடுவோரை வைத்திருக்கும் ஒரு கழகம், தன் மேலாளரின் பழைய வீட்டுக்கே திரும்பத் திரும்பப் போனது. மார்ட்டினெஸ் நல்ல கொள்முதல். அவர் உயரத்தைக் கேலி செய்தவர்களை முதல் பருவத்திலேயே வாயடைக்கச் செய்தார். மற்றவர்களைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. தெரிந்தவரையே நம்புவது மனித இயல்புதான். ஆனால் மேலாளர் தனக்குத் தெரிந்த பெயர்களையே சொல்லும்போது, ‘வேறு யார் இருக்கிறார்கள்’ என்று எதிர்க்கேள்வி கேட்க ஒரு விளையாட்டு இயக்குநர் வேண்டும். அப்படிக் கேட்டு நிறுத்தும் வலு அன்றைய நிர்வாகத்துக்கு இல்லை. டென் ஹாக்கை நீக்கிய பிறகு வந்த ரூபென் அமோரிமுக்கு ‘மேலாளர்’ என்ற பதவிப் பெயரே தரப்படவில்லை; ‘தலைமைப் பயிற்சியாளர்’ என்றுதான் நியமித்தார்கள். வாங்குவது ஒருவர் வேலை, பயிற்றுவிப்பது இன்னொருவர் வேலை என்று காலம் கடந்து பிரித்தார்கள். அந்தப் பிரிவினையை நாம் மதிப்பீட்டிலும் செய்ய வேண்டும் என்பதே என் வாதம்.

ஆகவே பணத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, பயிற்சியாளரின் கையில் மட்டுமே இருந்த ஒன்றைப் பார்ப்போம். டென் ஹாக்கின் முதல் பருவம் 75 புள்ளிகளோடு மூன்றாம் இடத்தில் முடிந்தது, லீக் கோப்பையும் கிடைத்தது. லிவர்பூலிடம் 7-0 எனத் தோற்ற அவமானத்தையும் மீறி, அணிக்கு ஒரு வடிவம் வந்துகொண்டிருக்கிறது என்று நம்பினேன். இரண்டாம் பருவத்தில் அந்த வடிவம் கரைந்தது. 60 புள்ளிகள், எட்டாம் இடம். அடித்தது 57 கோல்கள், வாங்கியது 58. சாம்பியன்ஸ் லீக் பிரிவில் கடைசி இடம். காயங்கள் மிகுதியாக இருந்தன என்பது உண்மை. பின்களத்தில் வாரத்துக்கு ஒரு புதிய இணை நின்றது என்பதும் உண்மை. ஆனால் காயம் விளக்காத ஒன்று இருந்தது. எதிரணிகள் யுனைடெட்டின் கோலை நோக்கி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பதினேழு முறைக்கும் மேல் பந்தை அடித்தன. முன்கள வீரர்கள் எதிரணியை நெருக்க மேலே ஓடுவார்கள். பின்களம் கீழேயே நிற்கும். நடுவில் ஓர் ஏக்கர் நிலம் காலியாகக் கிடக்கும். வேகம் குறைந்துபோன காசெமிரோ அந்தப் பரப்பைத் தனியாகக் காவல் காக்க வேண்டியிருந்தது. அவரால் முடியாது என்பது மஞ்சக்குப்பம் மைதானத்தில் ஞாயிற்றுக்கிழமை ஆடுபவர்களுக்கே தெரியும் செய்தி. நான் அங்கே பல ஆண்டுகள் இடது பின்கள வீரனாக ஆடியவன். முன்னால் இருப்பவர் திரும்பி வராவிட்டால், ஓடிவரும் எதிராளியைப் பார்த்து முன்னே போவதா, பின்னே நகர்வதா என்று கால் தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை அந்தப் பருவம் முழுவதும் யுனைடெட்டின் சொந்த மைதானமான ஓல்டு டிராஃபோர்டில் பார்த்தேன்.

முன்னிலையில் இருந்துகொண்டே அதைத் தாரைவார்த்த ஆட்டங்களின் வரிசை நீளமானது. கோபன்ஹேகனில் இரண்டு கோல்கள் முன்னிலையிலிருந்து 4-3 தோல்வி. இஸ்தான்புல்லில் கலத்தசராய்க்கு எதிராக 3-1 என இருந்தது 3-3 ஆனது. செல்சியிடம் தொண்ணூற்றொன்பதாவது நிமிடம் வரை 3-2 என முன்னிலை. அடுத்த ஒன்றரை நிமிடத்துக்குள் அந்த அணியின் பால்மர் என்ற வீரர் அடித்த இரண்டு கோல்களில் 4-3 தோல்வி. 2024 ஏப்ரலில் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில், இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் கவென்ட்ரிக்கு எதிராக எழுபது நிமிடங்கள் வரை 3-0 என இருந்ததை 3-3 ஆக்கிக்கொண்டார்கள். கூடுதல் நேரத்தின் கடைசி நொடியில் கவென்ட்ரி அடித்த நான்காவது கோல் காணொளி நடுவரால் செல்லாமல் போனது. பெனால்டியில் வென்றும் யுனைடெட் வீரர்கள் மகிழ முடியாமல் நின்றார்கள். ஒரே தவறு வேறு வேறு எதிரணிகளிடம், வேறு வேறு வீரர்களை வைத்துக்கொண்டு, எட்டு மாதங்கள் திருத்தப்படாமல் நடந்தால், அது கொள்முதலின் குறை அன்று, பயிற்சியின் குறை. இந்தக் குறைக்கும் செலவுக்கும் ஒரு பவுண்டு அளவுகூடத் தொடர்பில்லை. அவர் போக வேண்டியவர்தான் என்று நான் முடிவு செய்தது அந்தக் கவென்ட்ரி ஆட்டத்தின் இரவில்.

செலவை வைத்தே அளப்போம் என்றாலும், அளக்க வேண்டிய செலவு கொள்முதல் விலை அன்று, சம்பளம். ஸ்டீபன் சிமான்ஸ்கி என்ற பொருளியலாளர் ஆங்கிலக் கழகங்களின் நெடுங்காலக் கணக்குகளை ஆராய்ந்து காட்டியது இதுவே: பட்டியலில் ஒரு கழகம் எந்த இடத்தில் நிற்கும் என்பதை அதன் சம்பளத் தொகை மிக நெருக்கமாகச் சொல்லிவிடுகிறது, வீரர்களை வாங்கி விற்ற தொகை அவ்வளவு நெருக்கமாகச் சொல்வதில்லை. 2024 ஜூனில் முடிந்த ஆண்டில் யுனைடெட்டின் சம்பளச் செலவு 36 கோடி பவுண்டுக்கும் மேல். அவ்வளவு சம்பளம் கொடுத்து எட்டாம் இடம். என் மைத்துனன் உரக்கச் சொல்லும் தொகையைவிட, யாரும் சொல்லாத இந்தத் தொகைதான் டென் ஹாக்குக்கு எதிரான வலுவான சாட்சி.

அவருக்குச் சாதகமாகப் பேசுபவர்கள் உடனே அலெக்ஸ் ஃபெர்குசனை அழைத்து வருவார்கள். 1989 கோடையில் அவர் கேரி பாலிஸ்டரை 23 இலட்சம் பவுண்டுக்கு வாங்கினார், பால் இன்ஸ் முதலிய பலரையும் வாங்கினார். அந்தப் பருவத்தில் மான்செஸ்டர் சிட்டியிடம் 5-1 எனத் தோற்றார், லீக்கில் பதின்மூன்றாம் இடத்தில் முடித்தார். அன்று செலவையும் இடத்தையும் மட்டும் பார்த்திருந்தால் அவரை அனுப்பியிருப்பார்கள். பின்னர் வந்த பதின்மூன்று லீக் பட்டங்களும் கிடைத்திருக்காது. இந்த எடுத்துக்காட்டு உண்மையானது, ஆனால் எல்லோருக்கும் பொருந்தாது. ஃபெர்குசன் அந்தத் தோல்விகளின் நடுவே சிறுவர் அணிகளையும் ஆள்தேடும் அமைப்பையும் அடியிலிருந்து மாற்றிக்கொண்டிருந்தார். பட்டியலில் தெரியாவிட்டாலும் ஏதோ ஒன்று வளர்ந்துகொண்டிருந்தது. வளர்வது எதுவும் கண்ணுக்குத் தென்படாதபோது, பொறுமை மட்டுமே ஒரு மேலாளரைக் காப்பாற்றிவிடாது.

வளர்ச்சி என்றால் என்ன என்பதைக் கடலூர்க்காரர்களுக்கு யாரும் வெளியூரிலிருந்து வந்து விளக்க வேண்டியதில்லை. இந்த ஊரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்திய மகளிர் அணி வரை போயிருக்கிறார். 2018-இல் மணிப்பூரை வென்று தமிழ்நாடு தேசிய மகளிர் பட்டத்தை எடுத்தபோது அவர் அந்த அணியில் இருந்தார். இங்கே மாலை நேரங்களில் பெண் பிள்ளைகளுக்குப் பயிற்சி அளிப்பவர்களிடம் வாங்குவதற்குப் பணமில்லை, விற்பதற்கும் ஆளில்லை. ஜூன் மாதத்தில் வந்து சேரும் பிள்ளை இடது காலால் பந்தைத் தொடவே அஞ்சுவாள். அடுத்த ஜூனில் அதே காலால் களத்தின் குறுக்கே பந்தை அனுப்புவாள். ஒரு பயிற்சியாளரைப் பற்றி நான் அறிய விரும்புவது அந்தப் பன்னிரண்டு மாதங்களின் இடைவெளியைத்தான். பிரீமியர் லீக் மேலாளரிடமும் அதையே கேட்கிறேன்: உன் கைக்கு வந்தபோது இவன் எப்படி ஆடினான், உன் கையை விட்டுப் போகும்போது எப்படி ஆடினான்?

அந்தக் கேள்விக்கு டென் ஹாக் தரும் விடை ஒரே நிறத்தில் இல்லை. மார்கஸ் ராஷ்ஃபோர்டு முதல் பருவத்தில் எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 30 கோல்கள் அடித்தார், அடுத்த பருவத்தில் 8. சாஞ்சோவோடு ஏற்பட்ட பிணக்கில் அவரை அணியிலிருந்தே ஒதுக்கினார். ஒழுங்கைக் காக்க அது தேவையாக இருந்திருக்கலாம், ஆனால் கடனாகப் போன சாஞ்சோ சில மாதங்களில் டார்ட்முண்டு அணிக்காகச் சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் ஆடினார். மறுபுறம், அலெஹாந்த்ரோ கர்னாச்சோவையும் கோபி மைனுவையும் பதின்ம வயதிலேயே நம்பித் தொடர்ந்து களமிறக்கியவரும் அவர்தான். மைனுவின் முதல் தொடுகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளம் குளிர்ந்திருக்கிறது.

2024 மே 25 மாலை ஏழரை மணிக்கு எஃப்.ஏ. கோப்பையின் இறுதியாட்டம். மீன்பிடித் தடைக்காலம் நடந்துகொண்டிருந்ததால் படகுகள் எல்லாம் கரையில் நின்றன. ஐஸ் வியாபாரமும் இல்லை. மைத்துனன் வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் தோல்வியை எதிர்பார்த்திருந்த அந்த ஆட்டத்தில் மான்செஸ்டர் சிட்டியை 2-1 என வென்றார்கள். இரண்டு கோல்களும் கர்னாச்சோவும் மைனுவும் அடித்தவை. அறுபது கோடிக்கும் அந்த இரண்டு கோல்களுக்கும் தொடர்பே இல்லை. மைனு கழகத்தில் பிறந்து வளர்ந்தவர் போன்றவர், கர்னாச்சோ சிறுவனாக இருந்தபோது மிகச் சிறிய தொகைக்கு வந்தவர். அந்த வெற்றியின் வெளிச்சத்தில் கழகம் டென் ஹாக்கின் ஒப்பந்தத்தை நீட்டித்தது, மேலும் ஏறத்தாழ 20 கோடி பவுண்டுக்கு ஆட்களை வாங்கியது, அக்டோபர் 28 அன்று அவரை நீக்கியது. நீட்டித்ததும் வாங்கியதும் நீக்கியதும் நான்கே மாதங்களுக்குள். கவென்ட்ரி ஆட்டத்தில் தெரிந்ததை இறுதியாட்டத்தின் மகிழ்ச்சியில் மறந்ததற்கான விலை அது. அந்த விலையை மேலாளர் தலையில் கட்டுவது அநியாயம்.

சென்ற வாரம் மைத்துனன் மறுபடியும் கேட்டான். “சரி மாமா, நீங்க கணக்குப் பிள்ளதானே. அந்த அறுபது கோடிய யாரு பேருலதான் எழுதுவீங்க?” பேரேட்டைத் திறந்து வைத்து உட்கார்ந்து பெயர் பெயராகப் பார்த்தோம். ஆன்டனியைத் தேர்ந்தெடுத்ததை டென் ஹாக்கின் பற்றிலும், அவருக்குக் கொடுத்த விலையை நிர்வாகத்தின் பற்றிலும் எழுதினேன். ஒனானா டென் ஹாக்குக்கு. மார்ட்டினெஸ் அவருடைய வரவில். முப்பது வயதில் நான்காண்டு ஒப்பந்தம் பெற்ற காசெமிரோ நிர்வாகத்துக்கு. மெக்டோமினே விற்பனையையும், இலாபம் என்று ஏடு காட்டினாலும், நிர்வாகத்தின் பற்றில்தான் போட்டேன். இருபது வயதில் 6.4 கோடிக்கு வந்து, பெரும்பாலும் மூத்த முன்கள வீரரின் துணையில்லாமல் நின்ற ராஸ்மஸ் ஹொய்லுண்டின் பெயரில் இருவரும் ஒத்துப்போகவில்லை. அந்த வரியை வெறுமையாக விட்டிருக்கிறோம்.